தேங்காய்ப்பட்டணத்தில் பன்னிரண்டு மாதம்

அமெரிக்காவில் இருக்கும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு வந்த என் சிநேகிதி ஒருத்தி, ஒரு கட்டுப் படங்களைக் கொண்டுவந்து காட்டினாள். நயாகரா நீர்வீழ்ச்சி, சுதந்திர தேவி சிலை எல்லாம் வழக்கம்போல இருந்தன. நடுவில் ஒரு படம். குதிரை பூட்டிய கறுப்புப் பெட்டி வண்டி. அதில் தொப்பியும் தாடியுமாக ஒரு மனிதர். பக்கத்தில் தலையில் வெள்ளைக் குல்லாயும் கணுக்கால் வரை நீண்ட உடையுமாக ஓர் அம்மாள்.

"இது எந்த சினிமாவில் எடுத்தது?" என்று கேட்டேன்.

"சினிமாவாவது! பென்ஸில்வேனியாவில் ரோட்டோரத்தில் எடுத்தது. இவர்கள் ஆமிஷ்காரர்கள். வீட்டில் கரண்ட் கிடையாது, கார் கிடையாது, டெலிவிஷன் கிடையாது. பருவம் பார்த்து விதைப்பதும் அறுப்பதும் கோவிலுக்குப் போவதும்தான் வாழ்க்கை. நம் பக்கத்தில் இப்படி யாராவது உண்டா, சொல்லு பார்ப்போம்!" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்படியே அச்சாக யாரும் இல்லைதான். ஆனால் பருவம் சொன்னபடி எழுந்து, பருவம் சொன்னபடி உண்டு, ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அடங்கி வாழ்ந்த ஓர் ஊர் என்றால், குமரி மாவட்டத்தின் மேற்கு மூலையில் இருக்கும் தேங்காய்ப்பட்டணம்தான் என் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி அவளிடம் சொல்லத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரையாக வளர்ந்துவிட்டது.

முதலில் அந்த ஆமிஷ்காரர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. 1693-ல் சுவிட்சர்லாந்து, அல்ஸாஸ் பக்கத்தில் யாக்கோப் அம்மான் என்ற கிறிஸ்தவ குருவின் பின்னே பிரிந்து போன கூட்டத்தார் இவர்கள். 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் பென்ஸில்வேனியாவுக்கு வந்தார்கள். இன்று நாலு லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். வீட்டுக்குள் தங்களுக்கென்று ஒரு ஜெர்மன் பேச்சு. ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டிலேயே கூடி ஜெபம். அறுப்பெல்லாம் முடிந்த பிறகுதான் லான்காஸ்டர் பக்கத்தில் கல்யாணம். அதுவும் பெரும்பாலும் செவ்வாயும் வியாழனும். கல்யாண விருந்துக்கு செலரிக் கீரைத் தண்டு வண்டி வண்டியாக வேண்டும் என்பதால், எந்த வீட்டுத் தோட்டத்தில் செலரி கொழிக்கிறதோ அந்த வீட்டில் கல்யாணம் வரப்போகிறது என்று அக்கம்பக்கத்தார் மோப்பம் பிடித்துவிடுவார்களாம்! நம் வீடுகளில் முருங்கைக்காயைப் பார்த்தா கண்டுபிடிக்க முடியும்?

அவர்கள் புதியதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுகிறவர்கள் என்று நினைத்தால் அது தப்பு. டெலிபோனை வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் வயலோரத்தில் ஒரு சிறு குடிசை போட்டு அதில் வைத்துக்கொள்வார்கள். கம்பி வழியே வரும் மின்சாரம் கூடாது; ஆனால் தச்சுப் பட்டறையில் காற்றழுத்தத்தால் ஓடும் யந்திரம் இருக்கலாம். ஒவ்வொரு புதுச் சாமானையும் சபை கூடிப் பார்க்கிறது: இது வந்தால் குடும்பம் சேர்ந்து உட்காருமா, கலைந்து போகுமா? வருஷத்தில் இரண்டு தடவை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், திருவிருந்துக்கு முன்னால் அந்தக் கட்டுப்பாடுகளை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பெண்கள் குருவாக முடியாது. ஆனால் சபைக் காரியத்தில் அவர்களுக்கும் ஓட்டு உண்டு. இந்தக் கடைசி விஷயத்தை வாசகிகள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரும் ஆறும்

மார்த்தாண்டத்திலிருந்து புதுக்கடை, பைங்குளம் வழியாகத் தெற்கே இறங்கினால் தேங்காய்ப்பட்டணம். பெயருக்குக் குறைவில்லாமல் எங்கு பார்த்தாலும் தென்னை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் தாமிரபரணி இங்கேதான் அரபிக்கடலில் விழுகிறது. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு. இதைக் குழித்துறை ஆறு என்று சொன்னால் குழப்பம் இல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் தேங்காய்ப்பட்டணம்; எதிர்க்கரையில் இரயுமன்துறை. கடலோரமாக முள்ளூர்துறை, ராமன்துறை, இனயம் என்று மீனவர் ஊர்கள் ஒன்றையொன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன.

பட்டணத்துக்குள் முஸ்லிம்கள் அதிகம். பழமையான கருங்கல் பள்ளிவாசல் ஒன்று உண்டு. அரபு நாட்டிலிருந்து வந்த மாலிக் இப்னு தீனார் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வது ஊர் வழக்கு. கடலோர ஊர்களில் கத்தோலிக்க மீனவர்கள். உள்ளே மேட்டுப் பக்கம் போனால் பனையேறிக் குடும்பங்களும் வயல் வைத்திருந்தவர்களும். 1956 நவம்பர் 1 வரை இதெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பூமி. அதனால் பேச்சில் தமிழும் மலையாளமும் பாலும் பழமும்போலக் கலந்திருக்கும். தேங்காய் மட்டை இங்கே கதம்பை, கொட்டாங்கச்சி சிரட்டை, பதநீர் அக்கானி, மரவள்ளி மரச்சீனி. சென்னைவாசிக்கு முதல் நாள் ஒரு துபாஷி தேவைப்படும்!

வருஷம்கூட இங்கே சித்திரையில் பிறப்பதில்லை. பழைய கொல்லம் ஆண்டுக் கணக்கில் நம் ஆவணிதான் முதல் மாதம். அதற்குச் சிங்கம் என்று பெயர். புரட்டாசி கன்னி, ஐப்பசி துலாம் என்று ராசிப் பெயராலேயே மாதங்கள் ஓடும். வயசானவர்கள் இன்றும் இந்தக் கணக்கில்தான் விதைப்பையும் மழையையும் சொல்கிறார்கள். ஆனால் பள்ளிவாசலின் கணக்கு வேறு. அது பிறைக் கணக்கு. வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஒரு காலத்தில் நோன்பு கொட்டுகிற மழையில் வரும். இன்னொரு காலத்தில் தொண்டை வறளும் மீனத்து வெயிலில் வரும். ஏறக்குறைய முப்பத்து மூன்று வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். அறுபத்தைந்து வயது தாண்டிய ஓர் உம்மா, நோன்புக் கஞ்சியை ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு தடவை காய்ச்சியிருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்தப் பருவத்தில் விறகு நனைந்திருக்கும், எந்தப் பருவத்தில் கிணறு வற்றும் என்று அவருக்குத் தெரியாததா?

வயிறு காயும் மாதம்

குமரி மாவட்டத்துக்கு இரட்டை மழை. இடவம் பாதி கழியும்போது, அதாவது ஜூன் தொடக்கத்தில், தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. முதல் மழையோடு கடலும் பொங்கும். கரையில் நிற்கும்போதே அலை அறைகிற சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும். மிதுனம், கர்க்கடகம் இரண்டும் அந்தக் காலத்தில் பஞ்ச மாதங்கள். பனையேற முடியாது, தும்பு காயாது, கட்டுமரம் அலையைத் தாண்டுவதும் தாண்டாததும் அன்றைய தலையெழுத்து. அந்த இரண்டு மாதத்துக்கு வீடுகளைக் காப்பாற்றியது மரச்சீனி. திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரப்பிய கிழங்கு இது. தோலைச் சீவி, நறுக்கி, வேகவைத்து, கூடவே தேங்காய் அரைத்துவிட்ட மீன்கறி ஒரு கரண்டி. மீன் இல்லாத நாளில் காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கி, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய். இப்போது அது ஓட்டல்களில் விசேஷப் பலகாரமாகி விலை ஏறிவிட்டது என்பது வேறு கதை.

ஆனால் இந்தக் கடல் ஒரு விசித்திரக் கடல். பயமுறுத்துகிற மாதத்தில்தான் வாரியும் கொடுக்கும். நெத்தோலியும் கணவாயும் கரையை ஒட்டி வருவது இந்தக் கொந்தளிப்பில்தான். அதனால் துணிந்தவர்கள் அலையைத் தாண்டிப் போனார்கள். மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்துக்கு ஒரு நல்ல குணம், கவிழ்ந்தாலும் மூழ்காது. நம் கட்டுமரம் என்ற சொல்லை வெள்ளைக்காரர்கள் அப்படியே தங்கள் அகராதியில் ஏற்றிக்கொண்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மரத்தைப் பிணைத்த கயிற்றைத் திரித்தவர்கள் யார் என்று அகராதி சொல்வதில்லை.

இப்போது மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று சர்க்கார் போட்ட உத்தரவு. சிறு நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. ஆக, பழைய பஞ்ச மாதம் சட்டப் புஸ்தகத்திலும் ஏறிவிட்டது என்று சொல்லலாம்.

கர்க்கடகம் கழிந்து சிங்கம் பிறந்தால் வெயில் எட்டிப் பார்க்கும். கன்னியில் அறுப்பு. அதனால்தான் அந்தப் போகத்துக்குக் கன்னிப்பூ என்று பெயர். மாசியில், அதாவது கும்பத்தில், அறுக்கிற போகம் கும்பப்பூ. அழகான பெயர்கள்! பெயர் இருக்கிறது, வயல்தான் குறைந்துபோனது. விளவங்கோடு பக்கத்தில் ஏலா என்று சொல்லும் வயல்வெளிகளில் பல இன்று வாழைத் தோட்டமாகவும் தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. மேட்டு நிலத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது.

மட்டையும் மாதரும்

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான சமாசாரம். தேங்காயைப் பறிப்பது ஆண், விற்பது ஆண், கணக்கு எழுதுவது ஆண். மட்டை மட்டும் பெண்களுக்கு!

பச்சை மட்டை காய்ந்து போவதற்குள் அதைத் தண்ணீரில் போட்டாக வேண்டும். அதுவும் உப்பும் இனிப்பும் கலந்த, அசையாத தண்ணீர். ஆறு கடலோடு சேரும் கழிமுகமும் அதை ஒட்டிய கால்வாயும் இதற்கென்றே அமைந்ததுபோல இருந்தன. கயிற்று வலையில் ஆயிரக்கணக்கான மட்டைகளை அடுக்கி, மேலே சேற்றை அப்பி அமிழ்த்திவிடுவார்கள். ஆறு மாதம், எட்டு மாதம், சில சமயம் பத்து மாதம் அது உள்ளே கிடந்து அழுகும். ஒரு மழைக்காலத்தில் போட்டது அடுத்த வெயில் காலத்தில்தான் கைக்கு வரும். அவசரப்பட்டால் தும்பு முரடாகிவிடும்.

அழுகிய மட்டையை இடுப்பளவு தண்ணீரில் நின்று வெளியே எடுக்க வேண்டும். நாற்றம் என்றால் சாதாரண நாற்றமல்ல. கூமுட்டை உடைந்த நாற்றம். அது புடவையில் ஏறும், தலைமயிரில் ஏறும், சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். மேல் தோலை உரித்து, மரக்கட்டைமேல் வைத்து, தடியால் தல்ல வேண்டும். தல்லுவது என்றால் அடிப்பது. காலை தொடங்கி உச்சி வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆயிரம் மட்டை அடித்தால் ஏறக்குறைய எண்பது, தொண்ணூறு கிலோ தும்பு தேறும். அதை நிழலில் உலர்த்தி, ராட்டில் கொடுத்துக் கயிறாக்க வேண்டும். ஒருத்தி சக்கரம் சுற்ற, இரண்டு பேர் மடியில் தும்பைக் கட்டிக்கொண்டு நூலை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பார்கள். முன்னே போவது என்பதே இல்லை. முற்றத்தின் கோடி வரை பின்னால் நடந்து, திரும்ப வந்து, மறுபடியும் பின்னால் நடக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை மைல் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

அந்தக் கயிறுதான் மரத்தைப் பிணைத்தது, கிணற்றில் இறங்கியது, கட்டிலில் பின்னியது, கரமடி வலையின் வடமாக முறுக்கேறியது. கரமடி என்பது கரையிலிருந்தே இழுக்கும் பெரிய வலை. படகில் போய் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனையையும் கரையில் முப்பது, நாற்பது பேர் பிடித்து இழுப்பார்கள். தனுவும் மகரமும், அதாவது மார்கழி, தை, கடல் குளம்போலக் கிடக்கும் காலம். அதுதான் கரமடிக்கு ஏற்ற காலம். விடியற்காலையில் மணலில் வரிசையாக ஆட்கள் சாய்ந்து, ஒரே மூச்சாகக் குரல் கொடுத்து இழுப்பதைப் பார்த்தால், ஆமிஷ்காரர்கள் ஊரே கூடி ஒரே பகலில் ஒருவனுக்குத் தானியக் கொட்டகை எழுப்பித் தருவார்களாமே, அந்தப் படம் நினைவுக்கு வரும். வடம் பிடித்த கைக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு.

நைலான் வந்தது. பிளாஸ்டிக் கயிறு வந்தது. அழுகப் போடாமலேயே சில நிமிஷத்தில் மட்டையைக் கிழித்துத் தும்பாக்கும் யந்திரம் வந்தது. கழிமுகத்தில் அழுகுவதற்குக் கிடந்த மட்டைகள் குறைந்தன. ராட்டுகளின் சத்தமும் ஓய்ந்தது. யாரும் பெண்களைக் கூப்பிட்டு, "உங்கள் வேலை நாளையிலிருந்து இல்லை, என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை. ஒரு வருஷம் மட்டை வரவில்லை; மறு வருஷமும் வரவில்லை. அவ்வளவுதான்.

ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்த உம்மாவிடம், "அந்தக் காலம் நன்றாகத்தான் இருந்ததா?" என்று கேட்டேன். என்னைப் போன்ற பட்டணத்துக்காரியின் கேள்வி.

"என்ன மோளே கேக்கிய? கை பொத்துப் போவும். நாத்தம் பிடிச்சா சோறு எறங்காது," என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆனா சனிக்கிழம சனிக்கிழம கையில ரூவா இருக்கும். எனக்க ரூவா," என்றார்.

அந்த "எனக்க" என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பனையும் பாகும்

தை பிறந்து வானம் வெளுத்தால் மேட்டுப் பக்கம் பனையேற்றம் தொடங்கும். வைகாசி வரை ஓடும். காலில் திளாப்பு மாட்டி, இடுப்பில் அரிவாள் பெட்டி கட்டி, பாளையைச் சீவிச் சீவிக் கலயம் கட்ட வேண்டும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இனிக்கிற அக்கானி. தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். ஒரே மரத்தில் தினமும் இரண்டு தடவை, சில சமயம் மூன்று தடவை ஏற வேண்டும். பாளை ஒரு நாள் சீவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் பனையேறிக்குப் பண்டிகையும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

அவன் இறக்கினதோடு அவன் வேலை தீர்ந்தது. அடுப்பு மனைவியுடையது. எட்டு, பத்து லிட்டர் அக்கானி சுண்டினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. விடியற்காலையில் ஏற்றிய பானை உச்சிப்பொழுதுவரை கொதிக்கும். கிண்டுவதை நிறுத்தினால் அடிபிடிக்கும். பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆற வைப்பாள். பங்குனி, சித்திரை வெயில் வெளியே, அடுப்பு உள்ளே. வருஷத்திலேயே கொதிக்கிற மாதத்தில்தான் இந்த வேலையும்! இடையில் விறகுக்குப் போக வேண்டும், அதுவும் அவள்தான். திருக்கார்த்திகைக்குப் பனையோலைக்குள் மாவும் கருப்பட்டியும் வைத்துச் சுருட்டி அவிக்கும் கொழுக்கட்டையை நாம் வாசனைக்காகப் புகழ்கிறோம். அந்தக் கருப்பட்டியில் எத்தனை வியர்வை என்று நினைப்பதில்லை.

பிள்ளைகள் படித்தார்கள். படித்தவன் பனையேறுவானா? ஏறவேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களின் வீடுகளைப் பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள்.

இங்கே பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு பேச்சு. ஆமிஷ்காரர்கள் எட்டாம் வகுப்போடு பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். 1972-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், விஸ்கான்ஸின் ராஜ்யத்து வழக்கு ஒன்றில், அது அவர்கள் மத உரிமை என்று தீர்ப்பு சொன்னது. தேங்காய்ப்பட்டணத்திலும் பள்ளிக்கூடப் பிரச்னை ஒன்று உண்டு. அது நாவலாகவே வந்துவிட்டது. இந்த ஊரில் 1944-ல் பிறந்த தோப்பில் முகமது மீரான் எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-ல் புஸ்தகமாயிற்று. ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று மல்லுக்கட்டும் ஒரு முதலாளி அதில் வருகிறார். ஊர் அவர் சொல்லுக்கு நடுங்குகிறது. மீரான் பள்ளியில் படித்தது மலையாளம், எழுதியது தமிழ். 'சாய்வு நாற்காலி'க்காக 1997-ல் சாகித்ய அகாடமிப் பரிசு பெற்றார், 2019-ல் காலமானார். அந்த நாவலைப் படித்துவிட்டு ஆமிஷ் சபையை நினைத்தால் ஒரு வித்தியாசம் துலங்குகிறது. அங்கே வேண்டாம் என்று சொல்வது சபை; இங்கே வேண்டாம் என்று சொன்னது ஒரு சாய்வு நாற்காலி. ஊர்க் கட்டுப்பாடு, ஊர்க் கட்டுப்பாடு என்று நாம் கொண்டாடும்போது, ஊரில் யார் வாய் திறந்தார்கள் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

நல்ல வேளை, முதலாளி தோற்றார். 2011 ஜனத்தொகைக் கணக்கில் குமரி மாவட்டத்தில் எழுத்தறிவு 91.75 சதவிகிதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். மட்டை தல்லியவர்களின் பேத்திகள் கல்லூரிப் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

கேட்டு வந்ததும் கேளாமல் வந்ததும்

மீனவர் ஊர்களில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை கடல் தொழிலுக்குப் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. எவ்வளவு மீன் துள்ளினாலும் சரி, அன்றைக்குப் படகு கரையில், ஆள் கோவிலில். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் இது முடிகிற காரியமல்ல. இரயுமன்துறைக்கு மேற்கே தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் சுறாவுக்குப் பேர்போனவர்கள். ஆயிரங்கால் தூண்டில் போட்டுக்கொண்டு கேரளம், கர்நாடகம், குஜராத் கடல்வரை போய்விடுவார்கள். அவர்கள் வீடுகளில் பருவம் என்பது அப்பா இருக்கும் நாள், அப்பா இல்லாத நாள் என்ற இரண்டுதான்.

கேட்டுக்கொண்டு வந்த புதுமை ஒன்றும் இந்தக் கரையில் உண்டு. பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே என்ற எஞ்சினியர், 1980-களில் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகு கட்டினார். அலையில் கவிழாமல் கரையேற வேண்டும், மோட்டார் பொருத்த வேண்டும், ஏழைக்கும் கட்டுபடியாக வேண்டும். முதலில் கட்டியதெல்லாம் சரிப்படவில்லை. கடலோடிகள் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லச் சொல்லத் திருத்தினார். அந்தக் கஷ்டத்தையெல்லாம் 1985-ல் ஒரு புஸ்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார். கட்டுமரம் போன இடத்தில் அந்த மாதிரிப் படகுகள் வந்து நின்றதற்குக் காரணம், ஓட்டுகிறவனைக் கேட்டதுதான்.

கேளாமல் வந்தவையும் உண்டு. ஆற்றோடு சேர்ந்து ஓடும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க வேண்டும் என்று 1860-ல் வெட்டத் தொடங்கினார்கள். பத்மநாப சுவாமி, இங்கிலாந்து ராணி, மகாராஜா மூவரும் சேர்ந்த பெரிய பெயர்! வேலை முடியவே இல்லை. வெட்டிய மட்டும் வள்ளங்கள் போயின; மட்டை அழுகியது. பிறகு பல இடங்களில் அது தூர்ந்து, பாசியும் குப்பையும் நிறைந்து போயிற்று. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, குளச்சல், கொட்டில்பாடு பக்கத்தில் ஓடித் தப்பப் பார்த்தவர்களுக்கு அதே கால்வாய் குறுக்கே எமனாக நின்றது.

பிறகு துறைமுகம். ஆற்று முகத்தில் இரண்டு பக்கமும் கடலுக்குள் கல்லைக் கொட்டி நீளமாகச் சுவர் எழுப்பி, தேங்காய்ப்பட்டணத்தில் மீன்பிடித் துறைமுகம் கட்டினார்கள். ஆழ்கடல் படகுகள் கொச்சிக்கும் வேறு ஊர்களுக்கும் போய் அடைய வேண்டாம், சொந்த ஊரிலேயே கரையேறலாம் என்பது நல்ல எண்ணம்தான். மீனவர்கள் கேட்டு வாங்கியதும்தான். ஆனால் சுவர் எந்தத் திசையில் எவ்வளவு நீளம் என்பதைக் காகிதம் தீர்மானித்தது. மணல் அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. வாயிலில் மணல் திட்டு சேர்ந்தது. தென்மேற்குக் காற்றில் அந்தத் திட்டின்மேல் அலை மடிந்து உடைந்தது. உள்ளே நுழைகிற படகுகள் கவிழ்ந்தன. பலர் வீட்டுக்கு எதிரிலேயே உயிர்விட்டார்கள். எத்தனையோ நாள் கடலோடு போராடிவிட்டு வந்து, ஊர்ப் பள்ளிவாசல் மினாராவும் கோவில் கோபுரமும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்! சுவரை மாற்றிக் கட்டு, நீட்டு, மணலை அள்ளு என்று ஊர் ஊராக மறியல் நடந்தது. அதில் முன்னால் உட்கார்ந்தவர்கள் பெண்கள்.

பெண்கள் முன்னால் வந்தது அதற்கும் முந்தி. 2017 நவம்பர் 29-ஆம் தேதி இரவு ஒக்கிப் புயல் திடீரென்று எழுந்தது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஊருக்கு ஊர் வீடுகள் காத்துக் கிடந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் குழித்துறை ரயில் நிலையத்துத் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள், கைக்குழந்தைகளோடு தாய்மார்களும், போய் உட்கார்ந்தார்கள். தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. வீட்டு முற்றத்தைத் தாண்டி வந்து பேசும் வழக்கமில்லாதவர்கள் எல்லாம் அன்று பேசினார்கள். பல படகுகள் திரும்பவே இல்லை.

என் சிநேகிதிக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, அவள் அந்த ஆமிஷ் அம்மாளின் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். "இவளுக்கு ஓட்டு உண்டு என்றாயே?" என்று கேட்டாள். "உண்டு," என்றேன். "ஆனால் மகளை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்ப முடியாது." அவள் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைக் கட்டுக்குள் செருகிவிட்டாள்.

நான் கடைசியாகத் தேங்காய்ப்பட்டணம் போனது ஒரு சிங்க மாதத்தில். தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டு வரத் தொடங்கியிருந்தன. சாயங்காலம் துறைமுகச் சுவர்மேல் பெண்கள் கூட்டம். மீன் ஏலம் எடுக்க வந்தவர்கள் சிலர், சும்மா வந்தவர்கள் சிலர். அலுமினியப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி வாயிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போய், இன்றைக்கு என்ன மீன் வரும் என்று கேட்டேன். அவள் திரும்பவில்லை. ஒரு படகு திட்டைத் தாண்டி மூக்கை நிமிர்த்தி உள்ளே வந்தது. "நாலு," என்றாள். எனக்குச் சொன்ன பதில் இல்லை அது. பார்வையை எடுக்காமலே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்தது கொஞ்சம் தாமதித்து, அலையோடு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, உள்ளே வந்தது.

"அஞ்சு," என்றாள். "இனி ரெண்டு வரணும் மக்ளே. அது வந்தப் பொறவு மீனப் பத்திப் பேசுவோம்."